பை, ஒன்று

மூன்றாம் டிவிஷனில் எனக்கு ஒரு நாற்காலி உண்டு.
வேப்பமரத்தடி, ஒரு கால் குட்டையான மேசை,
பச்சைப் பேனா, சிவப்புப் பேனா, ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம்.
பதினோரு வருடமாக
மற்றவர்கள் ஆட, நான் எழுதுகிறேன்.

கிளாட்சன் பெயரை ஆறு வருடம் எழுதினேன்.
பேட்டிங்கில் எட்டாவது ஆள், அதிகம் வேலை வைக்கமாட்டான்.
கீப்பிங்கில் அதைவிடக் குறைவு.
நல்ல கீப்பருக்கு ஸ்கோர் புத்தகத்தில் இடம் கிடையாது;
விட்டதை எழுதத்தான் ஒரு கட்டம்: பை.
பிடித்ததற்கெல்லாம் ஒரு புள்ளி,
அதுவும் பவுலர் பெயரில்.

போன மாசியில் வியாசர்பாடியில் ஏதோ கோப்பை.
மச்சான் டீமின் கோல்கீப்பர் வரவில்லை,
அன்றைக்கு அவனுக்கு நிச்சயதார்த்தம்.
"சும்மாதாண்ணே நின்னேன்" என்றான் பிற்பாடு.
சும்மா நின்றவன் இரண்டு பெனால்டியைத் தடுத்தான்.
வேலியோரம் டீ குடித்துக்கொண்டிருந்த ஒருவர்
கிளாஸைக் கீழே வைத்துவிட்டு
போன் நம்பர் கேட்டார்.

செக்ரட்டரி வேதகிரி கத்தினார்:
"இருபத்தஞ்சு வயசுல வாத்தியத்த மாத்துவியாடா?"
கேப்டன் உத்தண்டராமன் ஒன்றும் சொல்லவில்லை,
பெயில்ஸை எடுத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.
மற்றவர்கள் சொன்னது,
ரெண்டும் கீப்பர், ரெண்டும் கிளவுஸ், இதிலென்ன.

எனக்கும் அப்படித்தான் பட்டது,
கணக்குப் போட்டுப் பார்க்கும்வரை.
இங்கே முன்னூறு முறை உட்கார்ந்து எழ வேண்டும்.
தப்பினால் ஃபைன் லெக்கில் ஒருவன் ஓடிவருவான்,
அவனும் விட்டால் கயிறு, நாலு ரன்னோடு போகும்.
அங்கே தொண்ணூறு நிமிடத்தில் நாலு முறைதான் வேலை.
பின்னால் வலை.
வலைக்குப் பின்னால் ஊர்.

மேட்ச்சுக்கு முன்னூறு ரூபாயும் சாப்பாடும் இங்கே.
அங்கே மாதச் சம்பளம், ஒரு வருட ஒப்பந்தம்,
நான்காவது கோல்கீப்பர்.
பேங்கில் வேலை பார்ப்பவனுக்குச் சட்டம் தெரியும் என்று
என்னிடம்தான் வாசிக்கக் கொடுத்தான். பதினாலு பக்கம்.
பத்தி ஏழு: வேறு எந்த விளையாட்டிலும் பங்கேற்கக் கூடாது.
அந்த வரியில் இரண்டு பேரும் கொஞ்சம் நின்றோம்.

கடைசி ஆட்டம் ஐ.சி.எஃப். மைதானத்தில். பை: பூஜ்யம்.
ஒருவன் எப்படிப் போனான் என்றெழுத
எனக்கு ஏழெட்டு வழி தெரியும்,
போல்டு, கேட்ச், ரன் அவுட், ரிட்டயர்டு ஹர்ட்.
எதுவும் பொருந்தவில்லை.
நாட் அவுட் என்று எழுதினேன்.
அன்று அவன் பேட்டையே தொடவில்லை.

டிசம்பரில் பெரியமேட்டில் இறங்கினான்.
ஒருவனுக்கு முழங்கால், ஒருவனுக்கு டெங்கு,
ஆடிக்கொண்டிருந்தவனுக்குச் சிவப்பு அட்டை.
எழுபத்தோராவது நிமிடம்.
பழக்கதோஷம், பென்சில் எடுத்துப்போயிருந்தேன்.
அவன் கைக்கு வந்த ஒவ்வொன்றுக்கும்
டிக்கெட்டின் பின்புறம் புள்ளி வைத்தேன். மூன்று.
பிறகொரு கார்னர்.
அவன் உட்கார்ந்தான்.
முட்டி மடங்க, விரல் புல்லைத் தொட,
சுழல் பந்துக்கு உட்காருவதுபோல.
பக்கத்து இருக்கைக்காரர் சிரித்துவிட்டார்.
அரை நொடிதான், எழுந்துவிட்டான்.
அதற்குள் பந்து வலையில் கிடந்தது.

எதிர்ப்பக்கம் இரைந்து அடங்கும்வரை காத்திருந்து
ஒரு கட்டம் வரைந்தேன்.
பை, ஒன்று.

ஞாயிற்றுக்கிழமை இரவு போனில் ஒரு வரி:
"அண்ணே, இன்னிக்கு பை எத்தினி?"
புதுப் பையன், பதினேழு வயது, நல்ல பையன்தான்.
இருபத்திரண்டு என்று அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
எழுதினான், நிறுத்தினான், மறுபடி எழுதினான்.
"ரொம்ப கிட்ட உக்கார்றானா?
ஒரு அடி பின்னால தள்ளி உக்காரச் சொல்லுங்க."

விடிந்தால் ஏழு மணிக்கு அவனுக்குப் பயிற்சி.
இதுவும் பங்கேற்பதில் சேருமா என்று
பத்தி ஏழை எடுத்து
இன்னொரு முறை வாசித்துக்கொண்டிருக்கிறேன்.